ஓடைக்கரையில் வீடு வாங்குகிறீர்களா? வெள்ளக் காப்பீட்டை இந்த வரிசையில் பாருங்கள்

க்ளோசிங்குக்கு, அதாவது கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கி முடிக்கும் நாளுக்கு, ஒன்பது நாள் இருக்கும்போது வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வாங்கப்போகும் வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதாம். காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வராமல் கடன் தர முடியாதாம். வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாயிற்று, பாதிச் சாமான் பெட்டிக்குள் போயாயிற்று. அந்த ஒன்பது நாளில் நானும் மனைவியும் ஓடிய ஓட்டம் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில் கொலம்பியா கவுன்டி. ப்ளூம்ஸ்பர்க்குக்கு வடக்கே, ஃபிஷிங் க்ரீக்கில் போய்ச் சேரும் ஒரு சிற்றோடையின் கரையில் வீடு. அந்த க்ரீக் ப்ளூம்ஸ்பர்க் பக்கத்தில் சஸ்குவஹானா ஆற்றில் கலக்கிறது. 2011 செப்டம்பரில் லீ புயல் மழையில் ஊருக்குள் தண்ணீர் புகுந்து, அந்த ஆண்டு ப்ளூம்ஸ்பர்க் சந்தையே நடக்கவில்லை. இதெல்லாம் குடிவந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் வீடு பார்த்தது ஆகஸ்டில். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர், மகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த விஷயத்தில் இரண்டு கணக்கு ஓடுகிறது. வங்கிக்கு ஒரு கணக்கு: அமெரிக்க அரசின் பேரிடர் முகமையான ஃபீமாவின் வரைபடத்தில் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, அவர்கள் பார்ப்பது அவ்வளவுதான். தண்ணீருக்கு ஒரு கணக்கு: ஓடை எதுவரை ஏறும், பேஸ்மென்ட்டில் எவ்வளவு நிற்கும், அதில் எதற்குப் பணம் வரும். வங்கியின் கணக்கைத் தீர்த்ததும் தண்ணீரின் கணக்கும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். 6,200 டாலர் கைவிட்டுப் போன பிறகுதான் புரிந்தது. அந்தக் கதை 6ஆம் படியில்.

அதற்கு முன்னால், நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வெள்ளம் வந்தால் அரசாங்கம் கொடுக்காதா?" வேலை விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பேரிடர் அறிவிப்பு வந்தால்தான் ஃபீமாவின் தனிநபர் உதவி உண்டு. அந்த ரொக்க உதவியும் குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், இன்னும் சில வகையினருக்குத்தான். எச்1பி அதில் இல்லை. இங்கே பிறந்த மைனர் பிள்ளை வீட்டில் இருந்தால் பிள்ளையின் பெயரில் கேட்கலாம். கிடைத்தாலும் வீட்டைத் திரும்பக் கட்டும் அளவுக்கு வராது. வெள்ளக் காப்பீட்டில் அந்தப் பாகுபாடு கிடையாது. உங்கள் விசா எது என்று ஏஜென்ட் கேட்கவே மாட்டார்.

1. விலை பேசும் முன்பே வரைபடத்தைப் பாருங்கள்

ஃபீமாவின் வெள்ள வரைபடச் சேவை மையம் இணையத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை. முகவரியைப் போட்டு, 'ஃபர்மெட்' என்ற ஒரு பக்கப் படத்தைப் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு மூன்று இடத்தில் அதையே கேட்பார்கள்.

படத்தில் ஏ என்ற எழுத்தில் தொடங்கும் எந்தப் பகுதியும் அதிக அபாயப் பகுதி. வி என்பது கடற்கரைக்கு, நமக்கு வராது. அதிக அபாயம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வரக் குறைந்தது 1 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். 1 சதவீதம்தானே என்று தோன்றும். 30 ஆண்டுக் கடன் முடியும்வரை சேர்த்துப் பார்த்தால் 26 சதவீதம் ஆகிறது. "இது நூறாண்டு வெள்ளம்" என்று புரோக்கர் சொன்னால், நூறு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏஇ என்றால் வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்று அடிக்கணக்கில் ஓர் எண் இருக்கும். வெறும் ஏ என்றால் எண் இருக்காது. கிராமப்புறச் சிற்றோடைகளுக்குப் பெரும்பாலும் வெறும் ஏதான். விரிவான ஆய்வு இல்லாமல் உத்தேசமாக இழுத்த கோடு அது. எங்கள் வீட்டில் அந்தக் கோடு சமையலறையின் ஒரு மூலையை மட்டும் வெட்டிக்கொண்டு போனது. அந்த மூலை போதும், வங்கியைப் பொறுத்தவரை முழு வீடும் உள்ளே.

நிலம் வேறு, கட்டடம் வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 3 ஏக்கரில் 2 ஏக்கர் அபாயப் பகுதிக்குள் இருந்தாலும் வீடு நிற்கும் இடம் வெளியே இருந்தால் சட்டப்படி காப்பீடு கட்டாயமில்லை.

எக்ஸ் என்று போட்டிருந்தால் வங்கிக்குக் கவலை இல்லை. உங்களுக்குக் கவலை இல்லையா என்பது வேறு. இந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து வரும் கோரிக்கைகள் மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் என்று ஃபீமாவே சொல்கிறது.

கிராமத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. முகவரியைத் தட்டினால் படத்தில் விழும் ஊசி உங்கள் வீட்டின் மேல் விழும் என்று நம்பாதீர்கள். எங்கள் தபால் பெட்டி சாலையோரத்தில், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில். வீடு அங்கிருந்து 300 அடி தள்ளி மேட்டில். ஊசி நேராகத் தபால் பெட்டியின் மேல் நின்றது. படத்தைப் பெரிதாக்கி, வீட்டுக் கூரையின் மேல் வைத்து, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 4ஆம் படியில் அது காசு.

2. விற்பவரிடம் நான்கு காகிதம் கேளுங்கள்

பென்சில்வேனியாவில் விற்பவர் வீட்டின் குறைகளை எழுதித் தரும் படிவம் ஒன்று உண்டு. பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்ததா, வெள்ளம் அல்லது வடிகால் பிரச்சினை இருந்ததா என்று அதில் நேரடியாகவே கேட்டிருக்கும். "தெரியாது" என்று டிக் அடித்திருந்தால் அதை ஒரு பதிலாக ஏற்காதீர்கள். எங்களுக்கு வந்தது அப்படித்தான். பேஸ்மென்ட்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருக்கிறது, தண்ணீர் வந்ததா என்று தெரியாதாம்!

இரண்டாவது, அவரிடம் இப்போது வெள்ளக் காப்பீடு இருந்தால் அந்தப் பத்திரத்தின் முதல் பக்கம். ஃபீமா நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பத்திரம் என்றால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். 2021 அக்டோபரில் கட்டண முறை மாறியபோது, பழைய பத்திரக்காரர்களுக்குக் கட்டணம் ஒரேயடியாக ஏறாமல் ஆண்டுக்கு அதிகபட்சம் 18 சதவீதம் என்று படிப்படியாக ஏற வழி செய்தார்கள். சொந்தக் குடியிருப்புக்குத்தான் இந்த 18. விற்பவர் அப்படிக் குறைந்த கட்டணத்தில் இருந்தால் அந்தப் படியிலேயே நீங்களும் ஏறலாம். புதிதாக எடுத்தால் முதல் நாளே முழுக் கட்டணம். இதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாவது, அந்த வீட்டுக்கு முன்பு வெள்ள இழப்பீடு வாங்கியிருக்கிறார்களா என்ற வரலாறு. ஃபீமா இதை உரிமையாளருக்குத்தான் தரும், வாங்கப்போகிறவருக்குத் தராது. எனவே அவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். நான்காவது, எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீட்டின் உயரத்தைச் சர்வேயர் அளந்து தரும் சான்று) இருந்தால் நகல்.

இந்த நான்கும் வரும்வரை மூச்சுவிட நேரம் வேண்டும். ஒப்பந்தத்தில் வெள்ளக் காப்பீடு கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ள அவகாசம் கேட்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். போட்டி அதிகம், எல்லா நிபந்தனையையும் விட்டுவிடலாம் என்று எங்கள் புரோக்கர் சொன்னார், விட்டோம். விடாதீர்கள்.

3. கவுன்டிக்குப் போகாதீர்கள், டவுன்ஷிப்புக்குப் போங்கள்

பல மாநிலங்களில் வெள்ளப் பகுதி நிர்வாகத்தைக் கவுன்டியே பார்க்கும். பென்சில்வேனியாவில் அது டவுன்ஷிப் அல்லது பரோ எனப்படும் அந்தந்த ஊர் நிர்வாகத்தின் வேலை. நான் அரைநாள் விடுப்பு எடுத்துக் கவுன்டி அலுவலகம் போய், அங்கிருந்து டவுன்ஷிப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டேன். டவுன்ஷிப் அலுவலகம் என்பது எங்கள் பக்கம் ஒரு ஷெட், பக்கத்தில் பனி அள்ளும் வண்டி, உள்ளே ஒரே ஒரு செயலர். வாரத்தில் சில காலை நேரங்களில்தான் இருப்பார். போன் செய்துவிட்டுப் போங்கள்.

அங்கே கேட்க வேண்டியவை: இந்த வீட்டுக்கு எலிவேஷன் சர்டிஃபிகேட் கோப்பில் இருக்கிறதா? இருந்தால் சர்வேயருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். புதிய வரைபடம் வரப்போகிறதா? டவுன்ஷிப் ஃபீமாவின் சமூக மதிப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் எல்லாருக்கும் கட்டணத்தில் 5 முதல் 45 சதவீதம் வரை கழிவு. சின்ன டவுன்ஷிப்புகளில் அந்தக் காகித வேலைக்கு ஆள் இருப்பதில்லை, எங்களுடையதும் அதில் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள்: வீட்டை விரிவாக்கினால் என்ன விதி? அபாயப் பகுதியில் இருக்கும் வீட்டுக்குச் செய்யும் மராமத்தோ விரிவாக்கமோ கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், முழு வீட்டையும் இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்தவேண்டி வரும். பழைய பண்ணை வீட்டை மலிவாக வாங்கி நன்றாகச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய இடி.

4. மூன்று இடத்தில் விலை கேளுங்கள், ஊசி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

தேசியத் திட்டத்தின் பத்திரத்தை எந்தக் கம்பெனி விற்றாலும் ஒரே விலைதான். அதனால் அதற்காகப் பத்து ஏஜென்ட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். ஓர் ஏஜென்ட்டிடம் தேசியத் திட்டம், இரண்டு இடத்தில் தனியார் வெள்ளக் காப்பீடு, அது போதும்.

இப்போதுள்ள முறையில் கட்டணத்தை வரைபட எழுத்து முடிவு செய்வதில்லை. நீர்நிலையிலிருந்து தூரம், தரை உயரம், முதல் தளத்தின் உயரம், அடித்தளம் எந்த வகை, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு, இவைதான். தூரமும் உயரமும் எங்கிருந்து அளக்கிறார்கள்? ஊசி நிற்கும் இடத்திலிருந்து.

எங்களுக்கு வந்த முதல் விலை ஆண்டுக்கு 2,380 டாலர். மனைவிதான் ஏஜென்ட் அனுப்பிய தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் இருக்கிற எண் நம் வீடே இல்லை, பாலம்" என்றாள். வீட்டுக் கூரையின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து மறுபடி ஓட்டச் சொன்னோம். 1,140 டாலர். ஏஜென்ட் பாவம், அவருக்கும் அது புதிது. கையில் எலிவேஷன் சர்டிஃபிகேட் இருந்தால் அதையும் கொடுங்கள். இப்போது அது கட்டாயமில்லை, ஆனால் கட்டணம் குறைந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

தேசியத் திட்டத்தின் உச்சவரம்பு வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். இரண்டும் தனித்தனி. வங்கி கட்டடத்தை மட்டும்தான் கேட்கும், ஏஜென்ட்டும் கட்டடத்துக்கு மட்டும் விலை போட்டு அனுப்புவார். பொருட்களுக்கும் வேண்டுமென்றால் நீங்கள்தான் வாய் திறந்து கேட்கவேண்டும். நாமே ஏற்கும் டிடக்டிபிள் தொகையும் இரண்டுக்கும் தனித்தனி. 10,000 டாலர் வரை ஏற்றிக்கொண்டால் கட்டணம் இறங்கும். வங்கி ஒப்புக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். கூடவே ஒரு கூடுதல் கட்டணம்: சொந்தக் குடியிருப்புக்கு 25 டாலர், மற்றதற்கு 250. குடியிருப்பு என்று குறிக்க மறந்தால் 225 டாலர் சும்மா போகும், சரிபாருங்கள்.

தனியார் காப்பீடு சில வீடுகளுக்குப் பாதி விலையில் கிடைக்கிறது. சட்டப்படி தகுதியான தனியார் பத்திரத்தை வங்கிகள் 2019 ஜூலை முதல் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு அடுத்த ஆண்டு புதுப்பிக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லலாம். அப்போது தேசியத் திட்டத்துக்குத் திரும்பினால் பழைய சலுகைக் கட்டணம் இருக்காது. எங்களுக்கு விலை வித்தியாசம் 200 டாலர்தான் இருந்தது, தேசியத் திட்டத்திலேயே இருந்துவிட்டோம்.

5. நாள் கணக்கு

தேசியத் திட்டத்தில் காப்பீடு எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் வருகிறது என்று டிவியில் பார்த்துவிட்டு எடுத்தால் பயனில்லை. வீட்டுக் கடனுக்காக, க்ளோசிங்கோடு சேர்த்து எடுத்தால் காத்திருப்பு கிடையாது, அன்றே அமல். எங்களைக் காப்பாற்றியது அந்த விதிதான். புதிய வரைபடத்தில் உங்கள் வீடு அபாயப் பகுதிக்குள் வந்தால், வரைபடம் மாறிய 13 மாதத்துக்குள் எடுத்தால் ஒரே நாள் காத்திருப்பு.

வங்கி பின்னாளில் கண்டுபிடித்து "காப்பீடு வேண்டும்" என்று கடிதம் அனுப்பினால் 45 நாள் அவகாசம். அதற்குள் எடுக்காவிட்டால் வங்கியே உங்கள் பேரில் ஒன்றை வாங்கிக் கடன் தவணையில் ஏற்றிவிடும். விலை பல மடங்கு இருக்கும், உங்கள் சாமான்களுக்குப் பாதுகாப்பும் இருக்காது. அதன் பிறகு நீங்கள் சொந்தமாக எடுத்துக் காட்டினால், இரண்டும் சேர்ந்து ஓடிய நாட்களின் பணத்தை வங்கி 30 நாளில் திருப்பித் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விசித்திரம். தேசியத் திட்டத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வப்போது ஆயுள் நீட்டிக்கவேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு முடங்கியபோது அனுமதி காலாவதியாகி, புதிய பத்திரம் எதுவும் தர முடியாமல் போனது. பழைய பத்திரங்கள் செல்லும். உங்கள் க்ளோசிங் அப்படியொரு தேதிக்குப் பக்கத்தில் விழுந்தால் தனியார் விலை ஒன்றைக் கையில் வைத்திருங்கள், அல்லது விற்பவரின் பத்திரத்தை மாற்றிக்கொள்ளும் வழியைப் பாருங்கள்.

6. எதற்கு வராது என்பதைத்தான் முதலில் படிக்கவேண்டும்

முதல் வசந்தத்தில், ஏப்ரல் மாதம், இரவு முழுக்க மழை. விடியற்காலை மின்சாரம் போனது, சம்ப் பம்ப் நின்றது. காலையில் பேஸ்மென்ட் படிக்கட்டின் கடைசிப் படி தண்ணீருக்குள். மகளின் கொலு பொம்மைப் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. "வெள்ளக் காப்பீடுதான் இருக்கிறதே" என்று தைரியமாகப் போன் செய்தேன். வந்த மதிப்பீட்டாளர் பேஸ்மென்ட்டைவிட வெளியேதான் அதிக நேரம் பார்த்தார். ஓடை கரைக்குள் இருந்தது. பக்கத்து நிலம் காய்ந்திருந்தது. மறுப்புக் கடிதம் வந்தது.

தேசியத் திட்டத்தில் வெள்ளம் என்றால் வழக்கமாகக் காய்ந்திருக்கும் 2 ஏக்கர் நிலமாவது மூழ்கவேண்டும், அல்லது உங்களுடையதைச் சேர்த்து 2 சொத்துகளாவது மூழ்கவேண்டும். நிலத்தடி ஊற்று ஏறி உங்கள் பேஸ்மென்ட் மட்டும் நிரம்பினால் அது வெள்ளம் ஆகாது. அதற்கு வீட்டுக் காப்பீட்டில் 'வாட்டர் பேக்கப்' என்ற சேர்க்கை தனியாக உண்டு. சம்ப் பம்ப் நின்று போவதும் அதில் சேர்த்தியா என்று கேட்டு எடுங்கள். எங்களுக்கு ஆண்டுக்கு 70 டாலர். 70 டாலருக்குப் பதில் 6,200 கொடுத்தேன். பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் இப்போது இருக்கிறது.

சரி, உண்மையான வெள்ளமே வந்தாலும் பேஸ்மென்ட்டில் எல்லாவற்றுக்கும் வராது. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மின் பேனல், சம்ப் பம்ப், எண்ணெய்த் தொட்டி போன்றவற்றுக்கு வரும். சாமான்களுக்கும் பத்திரம் எடுத்திருந்தால் வாஷர், டிரையர், ஃப்ரீசர் உண்டு. கார்ப்பெட், சோஃபா, டிவி, அலங்காரச் சுவர், அங்கே நீங்கள் அமைத்த பூஜையறை எதற்கும் வராது. "ஃபினிஷ்ட் பேஸ்மென்ட்" என்று விளம்பரத்தில் போட்டு அதற்கு நாற்பதாயிரம் கூட்டிக் கேட்பார்கள். ஓடைக்கரையில் அந்தப் பணத்துக்குக் காப்பீடு கிடையாது என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கிராம வீட்டுக்கு முக்கியமானவை: கிணறும் செப்டிக் தொட்டியும் மண்ணுக்கடியில் இருப்பதால் வராது. வேலி, டெக் என்ற வெளிப்புற மரத்தளம், கார், தோட்டம் வராது. களஞ்சியத்துக்குத் தனிப் பத்திரம் வேண்டும். தனியாக நிற்கும் கராஜுக்கு மட்டும் கட்டடத் தொகையில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். வீடு காயும்வரை ஓட்டலில் தங்கும் செலவும் வராது. இது பலருக்கு அதிர்ச்சி.

நகை. தாலிச் செயினிலிருந்து குழந்தையின் கொலுசு வரை எல்லாம் சேர்த்து 2,500 டாலர்தான், அதுவும் சாமான் பத்திரம் இருந்தால். இன்றைய விலைக்கு அது எத்தனை சவரன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வீட்டுக் காப்பீட்டில் நகைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் வெள்ளமும் அடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

7. கோடு தப்பு என்று நினைத்தால் லோமா

வீடு மேட்டில் இருக்கிறது, உத்தேசக் கோடுதான் உள்ளே இழுத்துவிட்டது என்று தோன்றினால், வரைபடத்தைத் திருத்தச் சொல்லி ஃபீமாவிடம் விண்ணப்பிக்கலாம். அதன் பெயர் லோமா. ஃபீமா கட்டணம் வாங்குவதில்லை. செலவெல்லாம் சர்வேயருக்கு, எங்களுக்கு 850 டாலர் ஆனது. உரிமம் உள்ள சர்வேயராக இருக்கவேண்டும். ஏப்ரலில் அழைத்தால் ஜூனில்தான் வருவார்கள், வேலை குவியும் காலம் அது. குளிர்காலத்திலேயே சொல்லி வையுங்கள்.

தேவைப்படும் காகிதங்கள்: வீட்டுக் கிரயப் பத்திரத்தின் பதிவு நகல், ஃபர்மெட், சர்வேயர் தரும் உயர விவரம், ஒற்றை வீட்டுக்கான எம்டி-ஈஇசட் படிவம். பதிவு நகல் ப்ளூம்ஸ்பர்க் கோர்ட் கட்டடத்தில் கிடைக்கும், உங்கள் கவுன்டியில் அங்குள்ள கோர்ட்டில். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கட்டடத்தைத் தொடும் நிலத்தில் எது மிகத் தாழ்வான இடமோ, அது வெள்ள மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கவேண்டும். சோதனை இது ஒன்றுதான். எங்கள் சர்வேயர் கருவியை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தார், பின்பக்க டெக்கின் கீழே குனிந்து பார்த்தார், "இதுதான்" என்றார். டெக்கின் ஒரு தூண் சரிவில் இறங்கி நின்றது. வீட்டோடு ஒட்டிய டெக் என்றால் அதன் தூண் நிற்கும் மண்ணும் கணக்கில் சேரும். வெள்ள மட்டத்துக்கு மேல் வீட்டுச் சுவரடியில் மூன்றடி தாராளமாக இருந்தது, அந்தத் தூணடியில் அரையடிதான். பிழைத்தோம். டெக் புதிதாகப் போடும் எண்ணம் இருந்தால் லோமா கைக்கு வந்த பிறகு, அதுவும் இடம் பார்த்துப் போடுங்கள்.

எல்லாக் காகிதமும் சரியாகச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள் என்பது ஃபீமாவின் கணக்கு. வெறும் ஏ பகுதியில் வெள்ள மட்ட எண்ணே இல்லாததால் அதையும் அவர்களே கணக்கிடவேண்டும். எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. சந்தேகத்துக்கு 1-877-336-2627 என்ற ஃபீமா வரைபட உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், பொறுமையாகப் பேசினார்கள்.

லோமா வந்ததும் வங்கி தானாகக் கட்டாயத்தை நீக்காது. கடிதத்தை இணைத்து எழுத்தில் கேட்கவேண்டும், இரண்டு தடவை கேட்டோம். வங்கி விரும்பினால் அப்போதும் காப்பீடு வேண்டும் என்று சொல்ல உரிமை உண்டு. கட்டணமும் இதனால் குறையாது, ஏனென்றால் கட்டணத்துக்கு அந்தக் கோடு இப்போது கணக்கில்லை. அப்புறம் எதற்கு 850 டாலர் என்று கேட்பீர்கள். வீட்டை விற்கும்போது வாங்குகிறவருக்கு அந்த ஒன்பது நாள் இருக்காது. நாங்கள் காப்பீட்டை நிறுத்தவில்லை.

8. தண்ணீர் வந்துவிட்டால்

வெள்ளம் வருமுன் மணல் மூட்டை, பம்ப் போன்றவற்றுக்குச் செய்யும் செலவில் 1,000 டாலர் வரை, சாமானை வேறிடம் கொண்டுபோக இன்னொரு 1,000 வரை திரும்பக் கேட்கலாம். ரசீதை வைத்திருங்கள்.

வந்த பிறகு முதல் வேலை படம் எடுப்பது. தலைக்கு மேல் போன வெள்ளத்துக்குச் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். காப்பீட்டுக்காரருக்கு அங்குலம் வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து எடுங்கள். ஃபர்னஸ், ஃப்ரீசரின் சீரியல் எண் தெரிகிற மாதிரி எடுங்கள். பூஞ்சை பிடிக்கும் முன் அள்ளிப் போட அனுமதி உண்டு, ஆனால் கார்ப்பெட்டிலும் சுவர் அட்டையிலும் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். அன்றே ஏஜென்ட்டுக்குச் சொல்லி முன்பணம் கேளுங்கள்: மதிப்பீட்டாளர் வருமுன்பே 5,000 டாலர் வரை, படமும் ரசீதும் காட்டினால் 20,000 வரை தருவார்கள்.

இழப்புச் சான்று என்ற படிவம் கையெழுத்தோடு 60 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். மதிப்பீட்டாளர் உதவலாம், ஆனால் பொறுப்பு உங்களுடையது. மறுத்தால் ஃபீமாவிடம் மேல்முறையீட்டுக்கு, மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து இன்னொரு 60 நாள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள்.

9. ஓடையில் கை வைக்காதீர்கள்

வெள்ளம் வடிந்ததும் ஓடையில் சரளைக்கல் மேடு போட்டிருக்கும். டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் "நான் அள்ளி விடுகிறேன்" என்பார், நல்ல மனசோடுதான். பென்சில்வேனியாவில் ஓடைக்குள் செய்யும் வேலைக்குச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதி வேண்டும். முதலில் கவுன்டி கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் கேளுங்கள். கரையோரம் மண் கொட்டுவது, ஷெட் போடுவது, இவற்றுக்கு டவுன்ஷிப்பின் அனுமதியும் வேண்டும். எங்கள் சரளை மேடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மகள் அதில்தான் கூழாங்கல் பொறுக்குகிறாள்.